பம்படிக்கு வர மறுத்த ஆடு

ஸலாம் சொல்லி ஆரம்பிக்கிறேன், சகோதர சகோதரிகளே. ஸலாமுக்கு அடுத்தபடியாக என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி அனுபவம் எழுத வருகிறவர்கள், "எனக்கு ஒரு சோதனை வந்தது" என்று தொடங்குவார்கள். எனக்குச் சோதனை தானாக வரவில்லை. நானே ஒயர் இழுத்து, நானே முறுக்கி, எங்கள் வீட்டு வாசலிலேயே கட்டிவைத்தேன். என் மகள் நஸ்ரீன் அதில் போயிருக்க வேண்டியவள். அல்லாஹ் திருப்பிக் கொடுத்தான். எப்படிக் கொடுத்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ஜமால். தண்டையார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். வீட்டுக் கிரைண்டரிலிருந்து காசிமேட்டு ஐஸ் உடைக்கிற மெஷின் வரைக்கும் என் கைக்கு வந்து போயிருக்கிறது. கரண்ட் என்றால் எனக்குப் பயமே கிடையாது. லைனில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டரை எடுக்க மாட்டேன். புறங்கை விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பேன். சுர்ரென்று இழுத்தால், "ஆங், கீது" என்பேன். பட்டறையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தரம் தட்டுவேன். அவ்வளவு திமிர்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி நாங்கள் குடியிருந்தது எட்டுக் குடித்தனம் உள்ள ஒரு காம்பவுண்டு. நடுவில் முற்றம். முற்றத்தில் ஓர் அடி பம்பு, அதைச் சுற்றி ஒரு சிமென்ட் மேடை. எங்கள் எட்டு வீட்டு வாழ்க்கையும் அந்த மேடையில்தான் நடந்தது என்று சொன்னால் பொய்யில்லை. விடிந்ததும் கடக் கடக்கென்று பம்படிக்கிற சத்தம் கேட்கும், அதுதான் எங்களுக்கு அலாரம். ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நிற்கும். குடத்தின் நிறத்தைப் பார்த்தே எந்த வீட்டுக் குடம் என்று சொல்லிவிடலாம். எங்களுடையது ரோஸ் கலர். எவராவது குடத்தை முன்னால் நகர்த்திவைத்துவிட்டால் அன்றைக்கு ஹார்பர் வரைக்கும் கேட்கும் சண்டை. மறுநாளே அதே இரண்டு பேரும் அதே மேடையில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி ஏழு வீட்டுக்கும் போகும். பொங்கலன்று ஏழு வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் எங்களிடம் வரும். என் மனைவி மும்தாஜ் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறிவிடுவாள். எந்த வீட்டுப் பொங்கல் எது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுவை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. இப்போது அந்தக் காம்பவுண்டை இடித்துக் கண்டெய்னர் லாரி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடும்.

எதிர் வீட்டில் செல்விக்கா. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஆனால் வாய் உண்டு. அந்த வாய்க்கு வீட்டுச் சொந்தக்காரரே பயப்படுவார். நஸ்ரீன்மேல் அவருக்கு உயிர். வஞ்சிர மீனில் நடுத்துண்டு ஒன்று எப்படியாவது மிச்சம் பிடித்து, "இந்தா, எங்கம்மாக்கு" என்று கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் ஐப்பசி மழையோடு சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் குர்பானி ஆட்டை, அதாவது பெருநாளன்று இறைவனுக்காக அறுத்துக் கொடுக்கிற ஆட்டை, கடைசி நாளில் வாங்க மாட்டோம். ஒரு மாதம் முந்தியே வாங்கி, பிள்ளை கையில் கொடுத்துவிடுவோம். பிள்ளை தழை போடும், தண்ணீர் காட்டும், குளிப்பாட்டும். பிரியம் வைத்ததைத்தானே கொடுக்க வேண்டும்? நஸ்ரீனுக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளை வெளேரென்று இருந்த அந்த ஆட்டுக்குச் சீனி என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காய்கறிக் கடையில் காலிஃபிளவர் தழையைக் கேட்டு வாங்கி, புத்தகப் பையில் திணித்துக்கொண்டு வருவாள். நோட்டுப் புத்தகமெல்லாம் தழை வாசனை. அவள் பம்படித்துத் தண்ணீர் விட்டால் சீனி மேடையில் ஏறி நின்று, பம்பு வாயிலிருந்து நேராகவே குடிக்கும்.

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு வீட்டிலும் விளக்கு அணைந்தது. போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற ஒயர் இரண்டு. ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். திரும்பிப் போகிற ஒயர், அதாவது நியூட்ரல், காம்பவுண்டுக்கு வெளியே எங்கோ மழையில் இற்றுப்போயிருந்தது. கம்ப்ளெயின்ட் கொடுத்தால் வந்து சரிபண்ணியிருப்பார்கள். எட்டு வீட்டுக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு எங்கே பொறுத்தது?

"நான் ஒருத்தன் இங்க இருக்கும்போது லைன்மேன் எதுக்கு? பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. நியூட்ரல் செத்துப்போனால் இரும்புக் குழாய் ஏதாவது ஒன்றில் ஒயரைக் கட்டிவிடுவது. கரண்ட் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும், விளக்கு எரியும். நான் எட்டு வீட்டு நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு கறுப்பு ஒயரை முற்றம் வரைக்கும் இழுத்து, அடி பம்பின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். விளக்கு எரிந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் எட்டு வீட்டிலிருந்தும் ஒரே கூச்சல், கைதட்டல்.

"பாய்னா பாய்தான்! இன்னா மூளைப்பா!" என்று யாரோ கத்தினார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒன்றை மறந்துபோயிருந்தேன். அதற்கு முந்தின கோடையில் அந்தப் பம்பு ரிப்பேராகி, அடியிலிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தார்கள். இறக்கும்போது நானே கூட நின்று கை கொடுத்தேன். அதாவது நான் ஒயர் கட்டிய இரும்பு, மண்ணுக்குள் இறங்கவே இல்லை. ஈரச் சிமென்ட் மேடைமேல் சும்மா நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பம்பிலும் மேடையிலும் அப்படியே தேங்கி நின்றது. காயில் கட்டுகிறவனுக்கு, கை கொடுத்துக் குழாய் இறக்கியவனுக்கு, அது ஞாபகம் வரவில்லை.

மறுநாளே பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பம்பு கடிக்குது பாய். கைப்பிடியைப் பிடித்தால் சுருக்கென்கிறது பாய். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். அது எர்த்து, ஒண்ணும் ஆவாது" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். அவர்களும் பாவம், பாய்க்குத் தெரியாததா என்று நினைத்து, கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு பம்படித்தார்கள்.

காம்பவுண்டு நாய் மணி, எப்போதும் மேடையோரம் ஈரத்தில் படுத்துக் கிடப்பது, எழுந்துபோய்க் கேட்டுக்கு வெளியே படுத்துக்கொண்டது. சீனி பம்படிப் பக்கமே வர மறுத்தது. நஸ்ரீன் கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாயும். ஒரு கத்தல் கத்தும். அவள் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைத்தால் குடிக்கும். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆட்டுக்குக் கொழுப்பு என்றேன்.

செவ்வாய்க்கிழமை செல்விக்கா என்னை வழி மறித்தார்.

"இன்னா பாய், பம்பு இந்தக் கடி கடிக்குது. முழங்கை வரிக்கும் சுர்ருன்னு ஏறுது. இன்னா பண்ணி வெச்சிகீற நீ? கயட்டிப் போடு மொதல்ல."

"கழட்டினா எட்டு வூடும் இருட்டுல குந்தணும். பரவாயில்லையா?"

"இருட்டுல குந்தினா செத்தா பூடுவோம்?"

எட்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "செல்விக்கா, கரண்ட்டப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே. மீன வித்தோமா, வந்தோமான்னு இரு. படிச்சவங்களே என்னாண்ட வந்துதான் கேக்குறாங்க" என்றேன்.

செல்விக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வாயடைத்துப் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வந்தது. பெருநாளுக்கு எட்டு நாள். காலை ஏழரை மணி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நஸ்ரீனுக்கு லேசாகச் சளி. அவள் குளித்துப் பள்ளிக்கூடம் போக வெந்நீர் வேண்டுமென்று மும்தாஜ் வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். நாலு விளக்கைவிடப் பல மடங்கு அது இழுக்கிற கரண்ட்டும் திரும்பிப் போக அந்தப் பம்புக்குத்தான் வர வேண்டும். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நஸ்ரீன் சீனிக்காக வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆட்டுக்கு எதுக்கு வாசல்ல கொண்டாந்து வைக்கிறே? செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே. பம்படிக்கு இழுத்துக்கினு போ" என்றேன்.

"அது பயப்படுது அத்தா."

"பயமாவது ஒண்ணாவது. இழுடி!"

இந்த வாய்தான் சொன்னது, சகோதரர்களே.

பிள்ளை அப்பன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இழுத்தாள். ஹவாய்ச் செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு கையில் நனைந்த கயிறு, மறு கையால் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேடைமேல் ஏறி இழுத்தாள். சீனி கத்தியது. முன்னங்கால் இரண்டும் மேடையில் பட்டன. பட்ட உடனே அதன் உடம்பு விறைத்துக்கொண்டது. கத்தல் பாதியில் நின்றது. அப்படியே சாய்ந்து பம்புமேல் விழுந்தது. நஸ்ரீன் கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது.

டீ கிளாஸை எறிந்துவிட்டு ஓடினேன். மெயின் சுவிட்ச் காம்பவுண்டின் அந்தக் கோடியில் பூட்டிய அறைக்குள் இருந்தது. எனக்கு அது தோன்றவும் இல்லை. பிள்ளையைப் பிடித்து இழுக்க வேண்டும், அது ஒன்றுதான். இரண்டு எட்டு பாக்கி இருக்கும்போது என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. பிடி விடவில்லை.

"தொடாத பாய்! நீயும் ஒட்டிக்குவ! தொடாத!"

செல்விக்கா. அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்திருக்கிறார், தலையில் மீன் கூடையோடு. கூடை கீழே விழுந்து மீன் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தது. நான் திமிறினேன். இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னால் அசைய முடியவில்லை.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ துஆ மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ்! நான் பண்ணது! என் புள்ள இல்ல, நான்!" என்று கத்தினேன். அவ்வளவுதான் என் துஆ.

கரண்ட் போயிற்று.

எட்டு வீட்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. நஸ்ரீன் கை தானாக விட்டு, சீனிமேல் சரிந்து விழுந்தாள்.

செல்விக்கா என்னை விட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். மூச்சில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மும்தாஜ் வந்து பார்த்து அப்படியே நின்றாள். அழக்கூட இல்லை. கேட்டில் மழைக்கோட்டு போட்ட ஒரு லைன்மேன் நின்றார். கையில் கட்டிங் பிளேயரும், பிடுங்கிய ஃபியூஸ் கட்டையும். ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கீழ படுக்க வைங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்து, பிள்ளை நெஞ்சில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தார். அழுத்துவார், வாயோடு வாய் வைத்து ஊதுவார், மறுபடி அழுத்துவார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. நஸ்ரீன் ஒரு விக்கல் விக்கினாள்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூச்சு வந்தது, ஆனால் நினைவு வரவில்லை. டாக்டர் அம்மா கேட்டார், "எப்படி ஷாக் அடிச்சது?" பம்பில் ஒயர் கட்டியிருந்தது என்றேன். "யாருய்யா அந்த வேலையைப் பண்ணினது?" என்றார். வராந்தாவில் அத்தனை பேர் இருந்தார்கள். "நான்தான். அவளோட அத்தா" என்றேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி உள்ளே போய்விட்டார்.

"இருதயம் சரியாத் துடிக்கணும், கண்ணு முழிக்கணும். அதுக்கு முன்னால எதையும் சொல்ல முடியாது" என்று மட்டும் நர்ஸ் சொன்னார்.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு எங்கிருந்தோ கேட்டது. கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வராந்தா மூலையில் துண்டை விரித்துத் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவனுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. என்ன முகத்தோடு கேட்பது? வெளியிலிருந்து வந்த ஆபத்தென்றால் காப்பாற்று என்று கேட்கலாம். என் கை முறுக்கின ஒயருக்கு என்னவென்று கேட்பேன்? கடைசியில், "ரப்பே, என் திமிரை எடுத்துக்கோ, என் பிள்ளையைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது செல்விக்கா பக்கத்தில் இருந்தார். புடவையில் மீன் செதில் ஒட்டியபடி, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல். "ஒன் சாமியாண்ட நீ கேளு. என் ஆத்தாளாண்ட நான் கேட்டுகினுதான் கீறேன்" என்றார். இதைப் படிக்கிற யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, அந்த லைன்மேன் எப்படி அந்த நேரத்துக்கு வந்தாரு?"

"நாந்தான் இட்டாந்தேன். செவ்வாக்கெழம நீ அந்தப் பேச்சு பேசினல்ல, அன்னிக்கே மய்யில நனஞ்சிகினு கரண்ட் ஆபீசுக்குப் போயி எய்திக் குடுத்துட்டு வந்தேன். இன்னிக்குக் காத்தால நான் மார்க்கெட்டுலேர்ந்து வந்துகினு கீறேன், தெரு முனையில அந்தாளு நம்ம காம்பவுண்டு எதுன்னு தேடிகினு நிக்கிறாரு. நான் வழி காமிச்சேன். 'நான் வெளிய தெருப் பெட்டில ஃபியூஸ் புடுங்குறேன், நீ போயி உள்ள சொல்லிடும்மா'ன்னாரு. அதச் சொல்லத்தான் உள்ள வந்தேன்."

"நான் உன்னை அவ்ளோ கேவலமாப் பேசினேனே. அப்புறமும் ஏன் போனே?"

செல்விக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நீ பேசினதுக்கா போனேன்? எனக்குச் சுர்ருன்னா நான் தாங்கிக்குவேன். அந்த ஆடு நின்னுது பாரு, நாலு காலையும் ஊனிக்கினு… வாயில்லாத ஜீவன் பொய் சொல்லுமா பாய்? அதப் பாத்துதான் போனேன்."

நான் அழுதேன். வராந்தாவில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். நான் துஆ கேட்டது வியாழக்கிழமை காலையில். பதில் செவ்வாய்க்கிழமையே மழையில் நனைந்துகொண்டு கிளம்பியிருக்கிறது. யாரை எட்டு வீட்டுக்கு முன்னால் மட்டம் தட்டினேனோ, அவர் கையிலேயே அல்லாஹ் கொடுத்து அனுப்பியிருக்கிறான். எந்த ஆட்டைக் கொழுப்பு என்றேனோ, அதைக் காட்டி அனுப்பியிருக்கிறான். செல்விக்கா காலைத் தொடப் போனேன். "சீ, எழுந்திரு. ஆஸ்பத்திரில வந்து டிராமா பண்ணிக்கினு" என்று தள்ளிவிட்டார்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே போனோம். நஸ்ரீன் கண்ணைத் திறந்திருந்தாள். வலது உள்ளங்கையில் கட்டு. மும்தாஜ் அவள் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். குரலே வரவில்லை, குனிந்து கேட்டேன்.

"அத்தா, சீனி தண்ணி குடிச்சுதா?"

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் குடிச்சுதும்மா என்று பொய் சொன்னேன்.

சீனியைக் காம்பவுண்டுப் பின்புறம் வேப்ப மரத்தடியில் புதைத்தோம். பெருநாள் அன்று எங்கள் வீட்டில் குர்பானி இல்லை. செத்த ஆடு குர்பானி ஆகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேட்காமல் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், "என் பிள்ளைக்குப் பதிலாகத்தான் அந்த ஆடு போச்சா ஹஜ்ரத்? இப்ராஹீம் நபிக்கு மகனுக்குப் பதிலா ஆடு இறங்கின மாதிரியா?" என்று கேட்டேன். ஹஜ்ரத் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஜமால், அவ்வளவு பெரிய பேச்செல்லாம் உனக்கு வேணாம். அவங்க இறைவன் சொன்னதுக்காகப் பிள்ளையைக் குர்பானி கொடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. நீ உன் பெருமைக்காக அனுப்பினே. ஷுக்ர் செய்து நன்றி சொல்லு, தவ்பா செய்து மன்னிப்புக் கேளு, அந்த மீன்காரம்மாவை மறக்காதே" என்றார். சுட்டது. சரியான சூடு.

ஒயரை அன்றைக்கே வெட்டிப்போட்ட அந்த லைன்மேன் இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தார். மேடையில் ஏறி நின்று எட்டு வீட்டாருக்கும் சொன்னார்: "புள்ள கால்ல செருப்பு இருந்துது. ஆட்டுக்கு நாலும் வெறுங்காலு. மழையில மாடு, ஆடு, நாய் எங்கயாச்சும் கால் வைக்க மாட்டேன்னு நின்னா அடிச்சு ஓட்டாதீங்க. நமக்குத் தெரியறதுக்கு முன்னால அதுங்களுக்குத் தெரியும்." நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை புறங்கையால் லைனைத் தொட்டதில்லை. பட்டறையில் யாரும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. டெஸ்டரை எடுத்து, அதையும் முதலில் எரிகிற லைனில் வைத்துச் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் எர்த் இருக்கிறதா, ஷாக் அடித்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்காமல் திரும்புவதில்லை. அடி பம்பிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒயர் கட்டியிருப்பதைப் பார்த்தால் சண்டை போட்டாவது கழற்ற வைப்பேன். தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்கு நான் பேஜார் பிடித்த கிழவன். இருந்துவிட்டுப் போகிறேன்.

நஸ்ரீன் இப்போது திருவொற்றியூரில் குடித்தனம் பண்ணுகிறாள். உள்ளங்கையில் கைப்பிடியின் தழும்பு அப்படியே இருக்கிறது. அவள் வீட்டில் டிரிப் சுவிட்ச் மாட்டிவிட்டு, பட்டனை அழுத்திச் சோதித்துக் காட்டினேன். டக்கென்று விழுந்தது. அவள் அதை மறுபடி மேலே தூக்கிவிட்டு, "அன்னிக்கு இது இருந்திருந்தா சீனியும் பொழச்சிருக்கும்ல அத்தா" என்றாள். இருபத்துநாலு வயதில். இன்னும் மறக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, எவ்வளவு பெரிய பாவியானாலும் கேளுங்கள். முகமில்லை என்று நினைக்காமல் கேளுங்கள். அவன் கொடுப்பான், இந்தக் காயில் கட்டுகிறவனுக்கே கொடுத்தான். கூடவே இன்னொன்று. நீங்கள் கேட்கிற துஆவுக்குப் பதில், உங்களுக்குப் பிடிக்காத வாயிலிருந்து வரலாம். வாயே இல்லாததிடமிருந்தும் வரலாம். அதைத் துரத்திவிடாதீர்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் திடீரென்று ஒரு கோடை மழை. நஸ்ரீன் வீட்டுக்குப் போகிற வழியில், தெருவில் தேங்கிய தண்ணீருக்கு முன்னால் ஒரு பசு மாடு கால் வைக்க மாட்டேனென்று நின்றது. மாட்டுக்காரர் குச்சியால் விளாசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கினேன். அவர் என்னைப் பைத்தியம் என்றார். தண்ணீருக்கு நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தைக் காட்டினேன். கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு, ஆட்கள் வந்து லைனைப் பிடுங்கும் வரைக்கும் குறுக்கே நின்று ஒருவரையும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். கம்பத்தில் கரண்ட் இறங்கியிருந்தது என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

பெருநாளன்று குர்பானிக் கறியில் முதல் பங்கு எடுத்துக்கொண்டு செல்விக்காவைப் பார்க்கப் போனேன். எண்ணூர்ப் பக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, கூடை தூக்குவதில்லை. வருஷா வருஷம் முதல் பங்கு அவருக்குத்தான். தட்டை வாங்கிக்கொண்டு, வருஷா வருஷம் கேட்பதைக் கேட்டார்: "இன்னா பாய், எங்கினா கடிக்குதா?"

மாட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், பழைய புத்தி எங்கே போகும்? கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் செல்விக்கா சொன்னார், "எல்லாம் சரி. அந்த மாட்டுக்கு ஒரு வாய்த் தண்ணி வெச்சியா?"

வைக்கவில்லை. ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலையில் நஸ்ரீனையும் கூட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அதே பசு சுவரோரம் நின்றிருந்தது. நஸ்ரீன் தழும்புக் கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். மாடு வாளி முழுவதையும் குடித்தது.